லைசாவின் கதிரை

"பழைய படத்த அந்தக் காலத்துக் கண்ணால பாக்கவேணும், நீ சும்மா கோபப்படுறாய்" எண்டான் நண்பன் ஒருவன். போன கிழமை நாலைஞ்சு பேராக இருந்து 'லேடி இன் த டார்க்' பார்த்து முடித்த கையோடு வந்த வாக்குவாதம் அது. அவனுக்கு அது நிறமும் கனவும் நிறைந்த அழகான படம். எனக்கும் அழகான படம்தான். அந்த அழகுக்குள் மறைத்து ஒரு பெண்ணுக்கு என்ன மருந்து பருக்குகிறார்கள் என்பதுதான் என்ர பிரச்சினை.

1944 இல் பரமவுண்ட் வெளியிட்ட படம். இயக்கியவர் மிச்செல் லைசன். லைசா எலியட் ஒரு ஃபேஷன் சஞ்சிகையின் ஆசிரியர்; ஜிஞ்சர் ரொஜர்ஸ் நடித்திருக்கிறார். கெட்டிக்காரி. ஆனால் காரணம் தெரியாத பதற்றம், சோர்வு. உளப்பகுப்பாய்வு வைத்தியரிடம் போய்த் தன் கனவுகளைச் சொல்கிறாள். அலுவலகத்தில் அலங்காரம் எதுவுமில்லாமல் இறுக்கமான உடுப்போடு திரிகிறவள், கனவில் எல்லாரும் வியக்கும் அழகியாக வருகிறாள். இன்னொரு கனவில் கல்யாணம். இன்னொன்றில் சர்க்கஸ், அங்கே அவளை நிறுத்தி விசாரணை நடத்துகிறார்கள். குற்றம் என்ன? ஒரு முடிவெடுக்கத் தெரியாதவளாம்!

தோண்டத் தோண்டச் சிறுவயது வெளியே வருகிறது. செத்துப்போன அம்மாவின் நீல உடுப்பைப் போட்டுப் பார்த்த பிள்ளையில் அப்பா எரிந்து விழுந்திருக்கிறார். அன்றோடு அழகாயிருக்கும் ஆசையையே அவள் மூடி வைத்துவிட்டாள். இதுவரைக்கும் எனக்கும் சம்மதம். நன்றாக யோசித்துக் கட்டிய கதை.

பிறகுதான் அந்தப் பாய்ச்சல். நீ ஆண்களை அடக்கி ஆளப் பார்க்கிறாய், உன்னை அடக்கி ஆளுகிற ஒருவன்தான் உனக்குத் தேவையோ என்னவோ என்ற இடத்துக்கு வந்து நிற்கிறார் வைத்தியர். எப்பிடி? அவளுடைய கனவு கேட்டது ஒரு நீல உடுப்பை. வைத்தியர் எழுதிக் கொடுத்தது ஒரு எசமானை. அழகாயிருக்க ஆசைப்படுவதும் அடங்கிக் கிடக்க ஆசைப்படுவதும் ஒன்றென்று எந்தக் கனவு சொன்னது? கனவு சொல்லாததை வைத்தியர் சொல்கிறார். வெள்ளைக் கோட்டுக்கு மரியாதை இருப்பதால் நாங்களும் தலையாட்டுகிறோம்.

படம் யாரைத் தெரிவு செய்கிறது என்றும் பாருங்கோ. சினிமா நட்சத்திரம் ராண்டி அவளின் தலைமையைத் தனக்குப் பலமாக நினைக்கிறான், அவளில் சாய்ந்துகொள்ளப் பார்க்கிறான். அவன் கழிக்கப்படுகிறான். விளம்பரப் பகுதியைப் பார்க்கிற சார்லி அவளை நக்கலடிக்கிறான், அவளின் கதிரையில் தனக்குக் கண் இருப்பதை ஒளிக்கவும் இல்லை. அவன்தான் மாப்பிள்ளை. சஞ்சிகையை நடத்த அவனையும் சேர்த்துக்கொண்டு லைசா "குணமாகிறாள்".

இதன் மூலம் 1941 இல் பிரோட்வேயில் மேடையேறிய இசைநாடகம். இசை குர்ட் வைல், பாடல்கள் ஐரா கேர்ஷ்வின். எழுதியவர் மொஸ் ஹார்ட். தானே உளப்பகுப்பாய்வுக்குப் போய்வந்த அனுபவத்தில் இருந்துதான் அவர் இதை எழுதினார். சோபாவில் படுத்திருந்தது ஆண், மேடைக்கு வரும்போது நோயாளி பெண்ணாகிவிட்டாள். ஹார்ட் தன் கதிரையை ஒருத்திக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எழுதினார், இயக்கினார்; 1956 இல் 'மை ஃபெயார் லேடி'யை மேடையேற்றியவரும் அவர்தான். ஆணுக்குச் சிகிச்சை என்றால் திரும்பி வேலைக்குப் போவது. பெண்ணுக்கென்றால் வேலையில் இருந்து இறங்குவது.

சரி, "அந்தக் காலம் அப்பிடித்தானே" என்ற கதைக்கு வருவம். 1940 இல் வந்த 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' படத்தில் ஹில்டி என்ற நிருபர் சாதுவான மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கே திரும்புகிறாள். 1945 இல் ஹிட்ச்கொக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தில் கனவுக்குப் பொருள் தேடுகிற உளப்பகுப்பாய்வு வைத்தியரே ஒரு பெண். இங்ரிட் பேர்க்மன் நடித்தது. நோயாளிதான் ஆண். அதுவும் ஹொலிவூட், அதே காலம். ஆகவே காலத்தில் பழியைப் போடாதேங்கோ. வேறு வழி இருந்தது, இவர்கள் இதைத் தெரிவு செய்தார்கள்.

படத்தைப் பார்க்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. பாருங்கோ. அந்தக் கனவுக் காட்சிகளை ரசியுங்கோ; சர்க்கஸ் கனவில் அவள் போட்டுவரும் மிங்க் உரோமப் பாவாடை இண்டைக்கும் பேசப்படுகிறது. ஆனால் வைத்தியர் வாய் திறக்கும்போது மட்டும் கவனமாயிருங்கோ. ஒருத்தி களைத்துப்போய் இருக்கிறாள் என்றால் "உனக்கு வேலை கூடிப்போச்சோ, ஆர் உன்னை நோகடிச்சது?" என்று கேட்கலாம். "எழும்பு, அந்தக் கதிரையில் அவன் இருக்கட்டும்" என்பது சிகிச்சை இல்லை. அது அப்பா அன்றைக்கு உடுப்பைக் கழற்றச் சொன்னதன் தொடர்ச்சி.