அவைக்கட்டு வேறு, வாய்ப்பூட்டு வேறு

புத்தகம் படித்து அதைப்பற்றி நாலு பேர் கூடிப் பேசுவதற்கென்று நம்மவர்கள் ஏற்படுத்தும் வாசகர் வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டுபோவதேன் என்று கேட்டால், பணமில்லை என்பார் சிலர். இடமில்லை என்பார் சிலர். வாலிபர்களுக்குத் தமிழில் சிரத்தையில்லை என்பார் வேறு சிலர். இவற்றுள் ஒன்றையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. சில நாற்காலிகளும் கொஞ்சம் தேநீரும் இருந்தால் நடக்கக்கூடிய காரியத்திற்குப் பணமில்லை என்பது வெறுஞ் சாக்கு. உண்மைக் காரணம் வேறு. பேசுவதற்கென்றே கூடிய இடத்தில் பேச்சை ஒழுங்காக நடத்த நாம் கற்றுக்கொள்ளவில்லை. நடத்த முன்வந்தவரை நடத்தவிடவும் நமக்கு மனமில்லை. இதுவே நோய். மற்றவை யாவும் நோயாளி சொல்லும் சமாதானங்கள்.

இதனால் நஷ்டம் யாருக்கு? தம்போயையே எடுத்துக்கொள்வோம். ஜோகூர் பாருவை ஒட்டிய இவ்வூரிலுள்ள தமிழர்களில் பலர் தோட்டங்களை விட்டு வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் மக்கள். பொழுது விடியுமுன் மோட்டார் சைக்கிளேறி, 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்து, இருட்டிய பின் வீடு திரும்புவோரும் அவர்களில் உண்டு. தோட்டத்தில் தகப்பன் கிராணிக்கும் கங்காணிக்கும் முன்னால் கைகட்டி நின்றான். பட்டணத்தில் மகன் மேலதிகாரி முன்னால் வாய்கட்டி நிற்கிறான். வாரமெல்லாம் பிறர் சொல்வதைக் கேட்டே கழிக்கும் இவனைப் பார்த்து, “உன் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்கும் இடம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர வாசகர் வட்டந்தான். அதையும் பாழாக்கிவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது என்ன?

பாழாகும் விதம் எங்கும் ஒன்றே. எடுத்துக்கொண்ட சிறுகதையை விட்டுவிட்டுத் தம் பூர்வீகப் பெருமையை முக்கால் மணி நேரம் பேசும் பெரியவர் ஒருவர் வருவார். நேற்றைய சங்கத் தேர்தல் சண்டையை இன்றைய கவிதைக்குள் புகுத்துகிறவர் ஒருவர் வருவார். கூட்டம் கலையும் நேரம் பார்த்துச் சத்துமாவு டப்பாவை எடுத்து விற்பனைக்கு வைக்கிறவர் ஒருவர் வருவார். “உங்களுக்கு எந்த ஊர்?” என்று தொடங்கி, அதற்கு மேலும் துருவிச் சாதியைத் தெரிந்துகொண்ட பிறகே எதிராளியின் வாதத்திற்கு மதிப்புப் போடுகிறவர் ஒருவர் வருவார். தம்போயில் மனநல மருத்துவமனை இருப்பதை வைத்துக்கொண்டு, பதில் அகப்படாதவுடன் “நீ இருக்கவேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது” என்று சொல்லி, நாலு பேர் சிரித்ததும் தாம் ஜெயித்துவிட்டதாக எண்ணும் சூரரும் வருவார். நோயுற்ற மனிதரை வசவாக்குவது எந்த வாதத்தில் சேர்த்தி?

இவர்கள் எல்லோரினும் கொடியவர், ழகரம் வராத வாயைக் கண்டு நகைக்கும் படித்த கனவான். லயத்தில் வளர்ந்த பெண்ணொருத்தி முதன்முதலாக எழுந்து தான் படித்த கதையைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்ல, உச்சரிப்புப் பிழையென்று அவர் சிரித்தால், அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். அவளைப் பார்த்து வர எண்ணியிருந்தவர்களும் வரமாட்டார்கள். பிறகு இந்தக் கனவானே, “நம் ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை” என்று பிரசங்கம் செய்வார்!

நிற்க. இத்தனையையும் அடக்கி நடத்த வேண்டிய அக்கிராசனர் யார்? சம்பளமில்லாதவர். முதலில் வந்து நாற்காலி போடுகிறவர். கடைசியில் தங்கித் தேநீர்க் கோப்பை கழுவுகிறவர். இரவு பத்து மணிக்கு மேல் இரு கட்சியாரும் தொலைபேசியில் அழைத்து, “அவனை மட்டும் ஏன் பேசவிட்டாய்?” என்று கேட்பதற்கு இவர்தான் பாத்திரம். மணியடித்து நிறுத்தினால் சர்வாதிகாரி, அடிக்காவிட்டால் கையாலாகாதவர். இப்படிப்பட்டவர் ஆறாம் மாதத்தில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவதில் அதிசயம் என்ன?

அவர் மணியடிப்பதற்குச் சொல்லப்படும் முதல் ஆக்ஷேபணை, பேச்சுச் சுதந்திரம் போய்விட்டது என்பது. இதைக் கணக்காலேயே தீர்த்துவிடலாம். இரண்டு மணி நேரத்தில் 120 நிமிஷங்கள். வந்தவர் 15 பேர் என்றால் ஆளுக்கு 8 நிமிஷம். ஒருவர் 40 நிமிஷம் எடுத்துக்கொண்டால் மற்ற 14 பேருக்கும் ஆளுக்கு 6 நிமிஷங்கூட இல்லை. சுதந்திரத்தைப் பறித்தவர் மணியடித்தவரா, மணியைக் காதில் வாங்காதவரா?

இரண்டாவது ஆக்ஷேபணை, பெரியவரை நிறுத்துவது மரியாதையன்று என்பது. வயதுக்கு மரியாதை உண்டு. அதற்காகக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க முடியாது. வாடகைக்குப் பணம் கொடுத்தவர் நாற்காலிக்குக் கொடுத்தாரேயன்றி, நம் நாவுக்குக் கொடுக்கவில்லை.

மூன்றாவது, ஒற்றுமையின் பேரால் வருவது: மதம் பேசாதே, சாதி பேசாதே, அரசியல் பேசாதே என்பது. இதைத்தான் நாம் வாய்ப்பூட்டு என்கிறோம். இந்நாட்டில் 1948ஆம் வருஷத்து தேச நிந்தனைச் சட்டமும், 1966ஆம் வருஷத்துச் சங்கங்கள் சட்டமும் இருப்பது உண்மை. அவற்றை அறிந்து நடப்பது அக்கிராசனரின் கடமை. ஆனால் சட்டத்தைக் காட்டிச் சாதியைப்பற்றிய சிறுகதையைக்கூடப் பேசக்கூடாதென்பது சட்டத்திற்குப் பயந்தல்ல, சாதிக்குப் பயந்தே! தடுக்க வேண்டியது வசவை, அபிப்பிராயத்தை அன்று. “உமது வாதம் தவறு” என்பது விவாதம். “உமது பிறப்பு இப்படி” என்பது வசவு. இவ்விரண்டையும் பிரித்தறியாத அக்கிராசனர், கலகக்காரனையும் சிந்தனையாளனையும் ஒரே கோலால் அடிப்பார்.

இஃது அந்நிய நாட்டுச் சரக்கு என்றும் யாரும் சொல்லவேண்டாம். மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவைப் பறையறைந்து அறிவிப்பவன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் அதன் முறையறிந்து ஏறவேண்டுமென்றும், பகைவரோடு இருக்க நேர்ந்தாலும் சினமும் கலகமுமின்றி விலகிச் செல்லவேண்டுமென்றும் சொல்லுகிறான். எந்தச் சமயத்தானும் ஏறக்கூடாதென்று அவன் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சு திறந்தது, முறை கட்டியது. நாமோ இதைத் தலைகீழாக்கி, முறையைத் திறந்துவிட்டுப் பேச்சைக் கட்டுகிறோம்.

நடத்தும் திறமை பிறவியில் வருவதுமன்று. ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1863இல் ஒரு கூட்டத்திற்கு அக்கிராசனராகி, அதை நடத்தத் தெரியாமல் திண்டாடினார். அதன்பின் அவைமுறைகளை ஆராய்ந்து, 1876இல் கூட்ட விதிகளை நூலாக வெளியிட்டார். மலாயாவில் 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 1950இல் கதை வகுப்பு நடத்தி, எழுதிப் பழகுவோரின் கதைகளை வாங்கிப் பரிசீலித்தது. 1935இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழ் முரசு, கோ. சாரங்கபாணியின் ஆசிரியப் பொறுப்பில் மாணவர்க்கென மணிமன்றம் வகுத்தது. வந்ததையெல்லாம் அப்படியே அச்சேற்றியிருந்தால் அவை குப்பைக்கூடையாகியிருக்கும். வேண்டியவர் எழுத்தை மட்டும் போட்டிருந்தால் குடும்பப் பத்திரிகையாகியிருக்கும். சலித்தெடுக்க ஒருவர் உட்கார்ந்ததனாலன்றோ எழுத்தாளர் உண்டாயினர்?

ஆகவே, தோட்டத்திலும் பட்டணத்திலும் வட்டம் நடத்தும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். விதிகளை முன்கூட்டியே எழுதிச் சுவரில் மாட்டுங்கள். சண்டை வந்தபின் விதி செய்யாதீர்கள். முதல் மணியை உங்கள் சிநேகிதருக்கே அடியுங்கள்; பிறகு எதிரிக்கு அடித்தால் ஒருவரும் குறை சொல்லார். ஒருவரை விலக்க நேர்ந்தால் காரணத்தை அவையறியச் சொல்லுங்கள். அதை மறுபரிசீலனை செய்ய வேறு இருவரை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாய்ப் பேச எழுந்தவரைக் காப்பது பழையவரைத் திருப்திப்படுத்துவதிலும் பெரிய கடமையென்று கொள்ளுங்கள். அக்கிராசனப் பதவியை மூன்று மாதத்திற்கொருமுறை கைமாற்றுங்கள். மணி ஒருவர் கையிலேயே தங்கினால் அது கங்காணியின் பிரம்பாகிவிடும்.

வட்டத்திற்கு வந்து குறை மட்டும் கூறிச் செல்லும் கனவான்களுக்குச் சொல்லுவது இதனினும் சுருக்கம்: அடுத்த ஞாயிறு நீங்களே அந்த நாற்காலியில் உட்காருங்கள்.