பணம் கடல் தாண்டும், சட்டம் தாண்டுமா?



"சார், வெளிநாட்டு கம்பெனியோட டாலர் டிரேடிங் ஆப் ஒண்ணு இருக்கு, பணம் போடலாமா?" இந்தக் கேள்வியைச் சில மாதங்களாக திருப்புட்குழியிலும் காஞ்சிபுரத்திலும் பலர் கேட்டுவிட்டார்கள். தறி நெய்பவர்களும் கேட்டார்கள், நல்ல சம்பளத்தில் இருப்பவர்களும் கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் பதில்: போடாதீர்கள். பணம் ஒரு நொடியில் கடல் தாண்டிவிடும். அதைக் கண்காணிக்கும் அதிகாரியின் கை அவர் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். காரணம் இவ்வளவுதான்.

இது நம் மாநிலம் நூறு வருடங்களுக்கு முன்பே பட்ட பாடு. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு பெரிய வெள்ளைக்கார நிறுவனம் இருந்தது. ஏராளமானோர் சேமிப்பை அதில் போட்டிருந்தார்கள். 1906 அக்டோபர் 22-ல் அது திவாலானது. இங்கே போட்ட பணத்தின் கதி லண்டனில் முடிவாகியிருந்தது. அங்கிருந்த கூட்டாளி மெக்ஃபாடியன் ஊக வணிகத்தில் இறங்கிப் பெரும் நஷ்டப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கே சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறை கிடைத்தது. அதனால் போட்டவர்களின் பணம் திரும்பிவிடவில்லை. நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கியதற்கு இந்த அடிதான் காரணம்.

வெளிநாட்டு வங்கிகளே இப்படி மாட்டிக்கொண்டதும் உண்டு. 1974 ஜூன் 26-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கியை அந்நாட்டு அதிகாரிகள் மாலையில் மூடினார்கள். அப்போது நியூயார்க்கில் காலை நேரம். ஜெர்மன் பணத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டாலர் வரும் என்று காத்திருந்த வங்கிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து நாடுகளின் மத்திய வங்கித் தலைவர்கள் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தார்கள். பாசெல் குழு என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதுதான். 2009-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

குழு இருந்தும் ஓட்டை அடைபடவில்லை. பி.சி.சி.ஐ. என்ற வங்கி லக்சம்பர்க்கிலும் கேமன் தீவிலும் பதிவு செய்துகொண்டு, லண்டனில் இருந்து நடத்தப்பட்டது. மொத்த வங்கிக்கும் பொறுப்பான ஒரே கண்காணிப்பாளர் எந்த நாட்டிலும் இல்லை. 1991 ஜூலை 5-ல் அதை மூடியபோது, பிரிட்டனில் கடை வைத்திருந்த ஆசிய வம்சாவளியினர் பலரின் பணம் சிக்கிக்கொண்டது. அதன் பிறகுதான், பல நாடுகளில் நடக்கும் வங்கி முழுவதையும் ஒரு தாய்நாட்டு அதிகாரி கண்காணிக்க வேண்டும் என்பது 1992-ல் குறைந்தபட்ச விதியானது.

ஆக, வங்கிகளுக்கு விதி வர இத்தனை அடி பட வேண்டியிருந்தது. இந்த ஆப்களுக்கு அப்படி எந்த விதியும் பொருந்துவதில்லை. ஏதோ ஒரு தீவில் உரிமம் வாங்கியிருப்பார்கள், அல்லது அதுவும் இருக்காது. நீங்கள் அனுப்பும் பணம் முதலில் இங்கேயே யாரோ ஒருவர் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், பிறகு பல கை மாறும்.

இன்னொரு சிக்கலையும் கவனியுங்கள். நம் அந்நியச் செலாவணிச் சட்டப்படி (1999), ரிசர்வ் வங்கி அங்கீகரித்த நிறுவனம் வழியாக, அனுமதிக்கப்பட்ட காரணத்துக்கு மட்டுமே இந்த வர்த்தகம் செய்யலாம். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பணத்தை இழந்துவிட்டுப் புகார் கொடுக்கப் போனால் நீங்களும் விதி மீறியவர் ஆகிவிடுவீர்கள். ஏமாற்றுபவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

"அப்படியானால் வெளிநாட்டோடு பண விவகாரமே கூடாதா சார்?" என்று சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் கேட்பீர்கள். தாராளமாக இருக்கட்டும். 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ் நம் யு.பி.ஐ.யோடு இணைந்திருக்கிறது. அங்கிருந்து அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கு இந்தப் பக்கம் ரிசர்வ் வங்கி, அந்தப் பக்கம் சிங்கப்பூர் நாணய ஆணையம் என்று இரண்டு பக்கமும் கேட்க ஆள் உண்டு. அதேபோல, வங்கி வழியாக ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை படிப்பு, மருத்துவம், வெளிநாட்டுப் பங்கு முதலியவற்றுக்கு அனுப்பலாம். இந்த ஆப்களில் கட்டும் முன்பணத்துக்கு அதில் அனுமதி இல்லை.

மக்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து அங்கீகாரமில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அது இணையத்தில் இருந்தால் போதுமா? தமிழில் அச்சிட்டு வங்கிக் கிளையிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். பட்டியலில் உள்ள நிறுவனத்தின் விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டு காட்டும் சமூக ஊடக நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். விளம்பரம் மட்டும் எல்லை தாண்டி நம் வீட்டுக்குள் வரலாம், பொறுப்பு வரக்கூடாது என்பது என்ன நியாயம்?

அதுவரை பணம் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இவர்களுக்கு இந்தியாவில் உரிமம் கொடுத்தது யார்? பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது? தகராறு வந்தால் எந்த ஊர் அலுவலகத்தில் போய் நிற்பேன்? ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அங்கீகாரம் உண்டு என்று அர்த்தமில்லை, அதை ரிசர்வ் வங்கியே சொல்கிறது. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

ஜரிகையை உரசிப் பார்க்காமல் வாங்காத ஊர் நம்முடையது. பணத்திலும் அந்தப் புத்தி இருக்கட்டும். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.