மூன்று குரலில் ஒன்று

தோட்டத்து இளைஞர் கழகக் கூட்டங்களுக்குப் போனால் தாய்மார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். "மிஸ், இவன் பாட்டு பாட்டுன்னு திரியிறானே, இதுல சோறு கிடைக்குமா?" ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் என்னால் சொல்ல முடிவதில்லை. அதனால் யோகி பி, நட்சத்திரா கதையைச் சொல்வேன்.

2006இல் மலேசியாவிலிருந்து 'வல்லவன்' என்ற இறுவட்டு வந்தது. யோகி பியோடு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற இரு இளைஞர்கள்; இவ்விருவரும்தான் நட்சத்திரா. சினிமாக் கம்பனி எதுவும் பின்னால் இல்லாமல் தமிழில் ராப் பாடினார்கள். யோகி பி ஏற்கெனவே 'பொயட்டிக் அம்மோ' என்ற குழுவில் பாடிப் பெயர் எடுத்தவர். நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் தனியார் பஸ்ஸில் 'மடை திறந்து' போகாத நாளில்லை.

அது இளையராஜாவின் மெட்டு. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில், வாய்ப்புத் தேடி அலையும் ஏழை இசைக் கலைஞன் ஒருவன் காணும் கனவாக வரும் பாட்டு. அதே மெட்டின்மேல் இந்த மூவரும் தங்கள் சொற்களை ஏற்றினார்கள். நம் அம்மாமார் கெசட்டில் கேட்டு வளர்ந்த பாட்டு என்பதால், பிள்ளை சத்தமாகப் போட்டாலும் லயத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. புதியதை வீட்டுக்குள் கொண்டுவர இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி எனக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. நம் முன்னோரைத் தேயிலைக்குக் கூட்டிவந்த அதே கங்காணி முறைதான் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்தது. அந்த ஊர்த் தமிழ்க் குரல் நமக்கு அந்நியமாகப் படவில்லை.

பிறகு சினிமா கூப்பிட்டது. 2007 தீபாவளிக்கு வந்த 'பொல்லாதவன்', வெற்றிமாறனின் முதல் படம். அதில் 'எங்கேயும் எப்போதும்' பாட்டைப் புது உருவில் கொடுத்தார் ஜி.வி. பிரகாஷ். மூலப் பாட்டு 1979இன் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தினுடையது. அந்தப் படமே சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகும் ஓர் இசைக்குழுவின் கதை என்பது வேடிக்கைதான். புதுப் பாட்டின் ராப் குரலாக எல்லோரும் அறிந்த பெயர் யோகி பி. தமிழ்நாடு முழுக்க அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. ஆனால் பின்னர் மூவரும் தனித்தனியே பாடினார்கள். 2017இல் 'விவேகம்' படத்தின் 'சர்வைவா'வில் மறுபடியும் கேட்டது யோகி பியின் குரல்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் கணிப்பு இதுதான்: சினிமாவுக்கு வேண்டியது ஒரு நாள் ஒலிப்பதிவுக்கு ஒரு குரல். குழுவுக்கோ வருடக்கணக்கான ஒத்திகை வேண்டும். தொலைபேசி ஒருவருக்குத்தான் அடிக்கிறது. அமெரிக்காவில் சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர் என்ற குழுவுக்கும் ஏறக்குறைய இதே கதி. 1999இல் ஒரு படத்தில் ஒலித்த அவர்களுடைய பாட்டு உலகமெங்கும் பரவியது. இறுவட்டுக் கம்பனியின் சிக்கலால் அடுத்த தொகுப்பு 2002 வரை தாமதமானது. 2004இல் பிரிந்தார்கள், சில வருடங்களில் மீண்டும் சேர்ந்தார்கள்.

நான் போய்வரும் தோட்டமொன்றில் ஐந்து பொடியன்களும் ஒரு பெண்பிள்ளையும் சேர்ந்து திருவிழாக்களில் பாடுகிறார்கள். கீபோர்டு யாருடையது, ஸ்பீக்கருக்கு யார் எவ்வளவு போட்டார்கள், வந்த காசு எப்படிப் பிரிந்தது என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன். பாட்டு வரிகளை எழுதுபவள் அந்தப் பிள்ளைதான். ஐந்து பெயர்கள் இருந்த அந்தக் கொப்பியில் அவள் பெயர் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "அவ கல்யாணம் கட்டிப் போயிருவா மிஸ்" என்றான் ஒருவன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆறாவது பெயரோடு கொப்பியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.