பாட்டிக்கு எந்த நிறம்?

“ஸ்கின் கலர் எங்க?” வண்ணம் தீட்டுகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். பதிலுக்கு நீட்டப்படுவது வெளிறிய பீச் நிற மார்க்கர். கேட்ட பிள்ளையின் கையும் கொடுத்த பிள்ளையின் கையும் நல்ல காப்பி நிறத்தில் இருக்கும்!

செமோரில் என் அக்கா மகளும் அந்த மார்க்கரால்தான் எங்கள் பாட்டியின் முகத்தைத் தீட்டினாள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் பாட்டி. “பாட்டி இந்த நிறமா?” என்றேன். “இதுக்குத்தான் சித்தி ஸ்கின்னு பேரு” என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் ‘சதை நிறம்’ என்ற பெயரை 1962இல்தான் ‘பீச்’ என்று மாற்றியது. உலக மக்களின் தோலுக்கென 24 நிறங்கள் கொண்ட பெட்டியை அது வெளியிட்டது 2020இல். நடுவில் 58 ஆண்டுகள். ஆனால் பழைய பெயர் இன்னும் நம் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது.

சரி, ஆல்கஹால் மார்க்கரில் நம் நிறத்தைக் கொண்டுவருவது எப்படி? ஜப்பானில் 1987இல் வந்த கோப்பிக் மார்க்கரை மங்கா ஓவியர்கள் கொண்டாடுகிறார்கள். விலைதான் கையைக் கடிக்கும். மலிவான பெட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. கலக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இந்த மையில் சாயம் ஆல்கஹாலில் கரைந்திருக்கிறது. தாளில் பட்டதும் ஆல்கஹால் ஆவியாகிவிடும், சாயம் தங்கிவிடும். அது காய்வதற்குள் இருக்கும் சில நொடிகளில்தான் இரண்டு நிறங்கள் ஒன்றோடொன்று நன்றாகக் கலக்கும். ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாடை போக வேண்டும். ஆனால் மின்விசிறிக் காற்று நேராகத் தாளில் விழ வேண்டாம். சாதாரண 80 கிராம் நகல் தாள் மையைக் குடித்து மேசைக்கும் கொடுத்துவிடும். வழவழப்பான தடித்த தாள் வாங்குங்கள்.

முகத்துக்கு மூன்று பழுப்பு நிறங்கள் போதும். முதலில் தேன் நிறத்தை முகம் முழுக்க, நிறுத்தாமல் பூசுங்கள். ஈரம் இருக்கும்போதே கன்னத்தின் ஓரத்திலும் தாடைக்குக் கீழும் நடுப் பழுப்பு. கண்குழி, மூக்கின் அடி, முடியோரம் ஆகிய இடங்களில் அடர் பழுப்பு. இரண்டு நிறம் சந்திக்கும் கோட்டின் மேல் வெளிர் மார்க்கரைச் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டினால் கோடு கரைந்துவிடும்.

இந்த மை ஒளி ஊடுருவும் மை. அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் தெரியாது. அதனால் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன மேடு ஆகிய வெளிச்சம் விழும் இடங்களில் முதல் பூச்சை அப்படியே விட்டுவிடுங்கள். நிறமில்லாத மார்க்கர் அழிரப்பர் அல்ல. அது சாயத்தைத் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டவே வேண்டாம். முகம் கரி பூசியதுபோல் ஆகிவிடும். பழுப்புக்கு அடியில் கொஞ்சம் ஊதா கொடுத்துப் பாருங்கள், நிழலுக்கு ஆழம் வரும். கன்னத்துக்கு இளஞ்சிவப்பு பூசச் சொல்லும் காணொளிகள் வேறு ஆள்களுக்கானவை. நமக்குச் செங்கல் நிறம்தான் பொருந்தும்.

அக்கா மகள் இரண்டாவது தாளில் இப்படித்தான் தீட்டினாள். முடித்ததும், “வெயில்ல வேலை செஞ்சு கறுத்துட்டீங்களா பாட்டி?” என்றாள். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “விடியுமுன்னே தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு மரம் வெட்டப் போவோம். அங்க ஏது வெயிலு? நான் பொறந்ததே இந்த நிறந்தான்!”

ஒரு விஷயம் பாக்கி. இந்தச் சாய மை வெளிச்சத்தில் மங்கிவிடும், நல்ல மார்க்கரும் விதிவிலக்கல்ல. படம் முடிந்த கையோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். அசல் கோப்புக்குள் இருக்கட்டும், சுவரில் நகலை மாட்டுங்கள்.