அந்தியோக்கியாவில் எழுந்துபோனவர்



கொஞ்ச நாளாக நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பயான் துண்டு சுற்றுகிறது. பேதுருவும் பவுலும் சண்டை பிடித்தார்களாம், ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களே தங்களுக்குள் முரண்பட்டவர்களாம். சொல்பவர் சிரிக்கிறார், சபையும் சிரிக்கிறது. நாங்களும் நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறோம். சிரிக்க முதல் அங்கே என்ன நடந்தது என்று ஒருக்கா பார்ப்போமா?

நடந்த இடம் அந்தியோக்கியா. இன்றைய துருக்கியின் அந்தாக்கியா, 2023 பூகம்பத்தில் சிதைந்த அதே நகரம். ஈஸா (அலை) அவர்களின் சீடர்களுக்கு 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயர் முதலில் வந்தது அங்கேதான் என்று அவர்களின் வேதப் புத்தகம் சொல்கிறது. யூதராகப் பிறந்தவர்களும் யூதரல்லாதவர்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் அது லேசான காரியமல்ல. பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்தார். அவருக்கு அது முதல் தடவையுமல்ல. செசரியாவில் கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குள் போனதற்காக ஜெருசலேமில் கேள்வி கேட்கப்பட்டு, தான் செய்தது சரியென்று நின்று பேசியவர் அவர்.

பிறகு ஜெருசலேமிலிருந்து, யாக்கோபின் தரப்பு ஆட்கள் சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல ஒதுங்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் எழுந்தார்கள். கடைசியில் பவுலின் கூட்டாளி பர்னபாவும் எழுந்துவிட்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். கலாத்தியருக்கு அவர் எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அந்த நடத்தைக்கு அவர் பாவிக்கும் கிரேக்கச் சொல், மேடை நடிப்பைக் குறிக்கும் சொல்.

பவுலைப் பற்றி நம்மவர்களிடம் நல்ல அபிப்பிராயம் இல்லை, தெரியும். ஷரீஅத்தைப் பேணுவதா விடுவதா என்ற கேள்வியில் நாங்கள் அவர் பக்கமும் இல்லை. ஆனால் இங்கே கேள்வி அதுவல்ல. மனதார நம்பித் தன் உணவுச் சட்டத்தைப் பேணிய யூதரை நயவஞ்சகர் என்று யாரும் சொல்லமுடியாது. நேற்றுவரை கூடச் சாப்பிட்டவர், பார்ப்பதற்கு ஆள் வந்ததும் எழுந்தார். பயத்தால் எழுந்தார் என்றே கடிதம் சொல்கிறது. அந்தக் கிரேக்கர்கள் நேற்று சுத்தமானவர்கள், இன்று அசுத்தமானவர்களா? ஒரு இரவில் அவர்களுக்கு என்ன நடந்தது?

எங்களுக்கு இன்னும் உறைக்க வேண்டியது பிறகு நடந்ததுதான். பேதுரு பிழை விட்டார் என்பதைப் பின்வந்த பெரிய அறிஞர்கள் சிலரால் தாங்க முடியவில்லை. அந்தக் கடிதம் பேதுருவைக் கேபா என்ற அரமேயப் பெயரால் அழைக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, அது வேறொரு கேபா என்றார் அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து. ஜெரோம், இருவரும் ஊருக்குப் பாடம் புகட்டச் சண்டை பிடிப்பதுபோல் நடித்தார்கள் என்றார். ஆபிரிக்காவிலிருந்து அகஸ்டின் கடிதம் எழுதி மறுத்தார்: வேதத்தில் ஒரு நல்லெண்ணப் பொய்க்கு இடம் விட்டால் பிறகு எதை நம்புவது என்பது அவர் வாதம். பெரியவரின் பிழையை மறைக்கச் சொல்லப்பட்ட கதைகளைவிட, அந்தப் பிழையை உள்ளபடி வைத்திருக்கும் கடிதம் மேல் அல்லவா?

இப்போது நமது வலீமா வீட்டுக்கு வருவோம். ஒரு சஹனில் ஆறு பேர், யார் பக்கத்தில் யாரும் உட்காரலாம் என்று மேடையில் பெருமையாகக் கதைக்கிறோம். கொழும்பிலிருந்து பெரிய இடத்துச் சம்பந்தி வந்த அன்று, வழமையாக நம்மோடு உட்காரும் கூலிக்காரக் காக்காவை "நீங்க அடுத்த பந்தியில இருங்க" என்று எழுப்புகிறோமே, அதை எந்த ஹதீஸில் படித்தோம்? கேட்டால் 'ஊர் வழமை' என்கிறோம். ஜெருசலேமிலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் பேதுருவுக்கு இருந்ததும் ஒரு வழமைதான்.

அந்தியோக்கியாவில் பவுல் கேட்டபிறகு பேதுரு திரும்பப் போய் அந்தக் கிரேக்கர்களோடு உட்கார்ந்தாரா என்று கடிதம் சொல்லவில்லை. போன கிழமை நாங்கள் எழுப்பிவிட்ட காக்காவின் வீடு பள்ளிக்குப் பின் ஒழுங்கையில்தான் இருக்கிறது.