நடத்தையே அளவுகோல்

கலிபோர்னியா மாகாண ஜனங்கள் 1988ஆம் வருஷம் வோட்டளித்து நிறைவேற்றிய 103ஆவது பிரேரணை, மோட்டார் இன்ஷ்யூரன்ஸ் விஷயத்தில் நல்லதொரு நியாயத்தை ஸ்தாபித்தது. கட்டணத்தை நிர்ணயிப்பதில் ஓட்டுபவரின் நடத்தைக்கே முதலிடம். ஓடும் மைல்களும் அநுபவமும் அதற்கு அடுத்தபடியே. சாதாரண விதிமீறலுக்கு ஒரு புள்ளி. குடித்துவிட்டு ஓட்டினால் இரண்டு. மூன்று வருஷத்தில் ஒரு புள்ளிக்கு மேற்படாதவருக்கு, மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நூற்றுக்கு 20 வீதமாவது சலுகை உண்டு.

பேட்டைக்குப் பேட்டை விபத்துக்கள் வேறுபடுகின்றனவே என்பது கம்பெனிகளின் வாதம். வாஸ்தவமே. ஆயினும் ஒருவன் தன் கையிலுள்ள சக்கரத்துக்குத்தான் ஜவாப்தாரி. அண்டை வீட்டாரின் சக்கரத்துக்கல்ல. தன் நடத்தையை அவன் திருத்திக்கொள்ளலாம். பேட்டையைத் திருத்த அவனால் ஆகுமா? ஏழைப் பேட்டையில் குடியிருப்பதைக் குற்றமாகப் பாவித்து அபராதம் விதிப்பது தர்மமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.