பாவம், அந்த 700ஆர்4!

அமெரிக்காவில் எண்பதுகளின் ஷெவர்லே கமேரோவை ஆசை ஆசையாய் வாங்கி வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. காரோடு வந்த 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு கண்ணாடிப் பாத்திரமாம். எஞ்சினில் கொஞ்சம் கை வைத்தால் போதும், நொறுங்கிவிடுமாம். அதனால் முதல் வேலையாக அதைக் கழற்றிக் கடாசிவிட்டு டர்போ ஹைட்ராமேட்டிக் 400 மாட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால், "ஆயிரம் குதிரைசக்தி தாங்கும்" என்பார்கள். சரி, உங்கள் எஞ்சினில் எத்தனை இருக்கிறது? முந்நூறு!

ஆட்டுக்குட்டிக்கு யானைச் சங்கிலி.

டர்போ 400 மட்டமான பெட்டி இல்லை. 1964-இல் வந்தது. ரோல்ஸ் ராய்ஸ் வாங்கி மாட்டியது. 1976-இல் ஃபெராரியே தன் 400 மாடலின் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இதைத்தான் எடுத்தது. பலத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் மூன்றே கியர். மேல் கியர் ஒன்றுக்கு ஒன்று, ஓவர்டிரைவ் கிடையாது. 1982-இல் வந்த 700ஆர்4-இல் நான்கு கியர். முதல் கியர் 3.06, நான்காவது 0.70. இந்த இரண்டு எண்களில்தான் விஷயமே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்போ 400-இன் முதல் கியர் 2.48. பின் அச்சு 3.73 என்றால் பெருக்கி வருவது 9.25. இதே இழுவை 700ஆர்4-இல் வேண்டுமானால் பின் அச்சு 3.08 போதும் (பெருக்கினால் 9.42, இன்னும் கொஞ்சம் கூடுதல்தான்). இப்போது இரண்டு காரையும் நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் விடுங்கள். 26 அங்குல டயரோடு டர்போ 400 கார் எஞ்சினைச் சுமார் 3370 சுற்றில் கதறவிடும். 700ஆர்4 கார் 1950 சுற்றில் சும்மா போய்க்கொண்டிருக்கும். பெட்ரோல், சத்தம், எஞ்சின் தேய்மானம் எல்லாவற்றிலும் இந்த வித்தியாசம் தினம் தினம் வசூலாகும். வாரத்தில் ஆறு நாள் வேலைக்கும் கடைக்கும் போய்வரும் கார் அது என்பதை மறந்துவிட்டு, ஏழாம் நாள் ரேஸுக்காகப் பெட்டி வாங்குகிறார்கள்.

சரி, அப்படியானால் 700ஆர்4 ஏன் எரிகிறது? இதற்குத்தான் யாரும் பதில் தேடுவதில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது, டிவி கேபிள் என்பார்கள். காலை அழுத்த அழுத்த அது உள்ளே ஒரு வால்வைத் தள்ளும், ஆயில் அழுத்தம் ஏறும், கிளட்ச் தட்டுகள் இறுகிப் பிடிக்கும். கேபிள் தளர்ந்திருந்தால் எஞ்சின் முழு பலத்தோடு திருகும்போது அழுத்தம் மட்டும் ஏறாது. தட்டுகள் வழுக்கும், கருகும். பெரும்பாலும் முதலில் போவது மூன்று, நான்காம் கியருக்கான கிளட்ச். நம் ஆள் என்ன செய்கிறார்? கம்பெனி கொடுத்த ஃப்யூயல் இஞ்செக்‌ஷனைக் கழற்றிவிட்டுப் பெரிய கார்புரேட்டர் வைக்கிறார். அதற்கென்று தனியாக விற்கும் பிராக்கெட்டை வாங்காமல், கேபிளைக் கைக்குக் கிடைத்த ஓட்டையில் மாட்டுகிறார். கொஞ்ச நாளில் பெட்டி புகைகிறது. பழி யாருக்கு? பெட்டிக்கு.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. முதல் சில வருடப் பெட்டிகள் நிஜமாகவே பலவீனமானவை, பின்னால்தான் திருத்தினார்கள். முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே பள்ளம் பெரிது. 5500 சுற்றில் மாறினால் எஞ்சின் 2900 வாக்கில் போய் விழும். டர்போ 400-இல் 3280-இல் நிற்கும். டிராக் ரேஸ்காரர்கள் இதைச் சொல்லிக் குறைப்பட்டால் நியாயம் உண்டு. ஆனால் 1987-இல் 5.7 லிட்டர் எஞ்சினைக் கமேரோவில் வைத்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் அதை மேனுவல் கியரோடு விற்கவே இல்லை. 330 பவுண்டு-அடி முறுக்குவிசைக்கு அன்றைய ஐந்து கியர் மேனுவல் தாங்காது என்பதுதான் காரணம். மேனுவல் தாங்காத எஞ்சினைச் சுமந்தது இந்தக் "கண்ணாடிப் பாத்திரம்"தான்!

மாற்றுகிற செலவையும் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. பழைய டர்போ 400 மலிவு என்பார்கள். அந்தக் கமேரோவில் பின் அச்சைப் பிடித்திருக்கும் டார்க் ஆர்ம் என்ற நீளக் கை கியர்பாக்ஸின் வாலில்தான் மாட்டியிருக்கிறது. பெட்டி மாறினால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கிராஸ்மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கன்வெர்ட்டர், ஸ்பீடோமீட்டர் என்று பட்டியல் நீளும். பாதி வாங்கியபின் "இவ்வளவு போட்டாச்சே" என்று மீதியையும் வாங்குவார்கள். போட்ட காசு திரும்பாது, இனி ஆகும் செலவை மட்டும் பார் என்று பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லித்தருகிற பாடம், கார் விஷயத்தில் மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை.

நிஜமாகவே ஐந்நூறு, அறுநூறு குதிரைசக்தி இருக்கிறதா? அப்போதும் சாலையில் ஓட்டுபவருக்கு டர்போ 400 முதல் தேர்வாகாது. அதே வம்சத்தில் 1991-இல் வந்த 4எல்80இ இருக்கிறது, அதில் 0.75 ஓவர்டிரைவும் உண்டு. கனம் அதிகம், கம்ப்யூட்டர் கன்ட்ரோல் வேண்டும், செலவு கூடும், ஆனால் காசுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். கால் மைல் ஓட்டி டிரெய்லரில் ஏற்றிப்போகும் கார் என்றால் மூன்று கியரே போதும். இரண்டே கியர் உள்ள பவர்கிளைடைக்கூட அவர்கள் விரும்பி மாட்டுகிறார்கள். மற்றவர்களுக்கு 700ஆர்4-ஐ நன்றாகப் பிரித்துக் கட்டி, முன்னால் ஒரு ஆயில் கூலர் வைத்து, கேபிளைச் சரிசெய்து, அழுத்தத்தை கேஜ் வைத்து அளந்தால் வேலை முடிந்தது.

இதில் வேடிக்கை, கழற்றிப் போட்ட பெட்டி குப்பைக்குப் போவதில்லை. இன்னொருவர் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போய், புதுத் தட்டுகள் போட்டு, கேபிளை ஒழுங்காக மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.